அக்கா கூப்பிட்டா

கந்தப்பளை
2024 பெப்ரவரி 4

அன்புள்ள இராசம்மாவுக்கு,

என் கணவர் அலோசியஸின் கதைகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். போன மாதம் ஹட்டனில் நடந்த அவருடைய ஏழாவது நினைவுக் கூட்டத்தில் சிவசாமி மாஸ்டர் இதை ஒலிபெருக்கியிலேயே சொன்னார். "தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்த மனுசனுக்கு இம்புட்டு சுத்தமான தமிழ் எங்கேருந்து வந்துச்சு? எல்லாம் டீச்சரம்மா கைவேலங்க!" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் எழுந்து நின்று மறுத்தேன். அடக்கத்தால் மறுக்கிறேன் என்று நினைத்து மறுபடியும் தட்டினார்கள்.

நீ அவருடைய தங்கை. நீயாவது சரியாகத் தெரிந்துகொள். அவர் கொப்பியில் பென்சிலால் பேசுகிற மாதிரியே எழுதுவார். நான் பிழை நீக்கி, பேச்சு மொழியை எழுத்து மொழியாக்கி, மையால் படியெடுப்பேன். கன்னியர் மடத்தில் நான் படித்த தமிழ் அந்த அளவுக்குத்தான் உதவியது. ஒரு சம்பவத்தையும் நான் சேர்த்ததில்லை. ஒன்றையும் எடுத்ததில்லை.

உன் காது எப்படி இருக்கிறது? இங்கே காலையில் லீக்ஸ் பாத்திகள் உறைபனி விழுந்து வெள்ளையாகக் கிடக்கின்றன. குளிரில் என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

எழுதும் காரணம் இதுதான். அவருடைய கதைப் புத்தகம் மறுபடியும் அச்சாகிறது. தலவாக்கலையில் படிப்பிக்கும் தனுஜா என்ற பெண் அதைப் பதிப்பிக்கிறாள். ‘வட்டகொடை ஸ்டேசன்’ கதையைப் பற்றி உன்னிடம் ஒரு பக்கம் கேட்கிறாள். பத்து வயதுப் பையன் ஒருவன், கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போகும் அக்காவை ரயில் ஏற்றிவிடும் கதை. எங்கே போகிறோம் என்று அக்காவுக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. அவள் கடல் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவான். ஒன்றும் அறியாத அந்தப் பையனுக்காக முப்பத்தைந்து வருடமாகப் பிள்ளைகள் அழுகிறார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னத் தங்கை நீதான். அந்த நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுது. பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்வேன்.

மகன் துஷாந்துக்கும் பிரியந்திக்கும் என் அன்பைச் சொல்.

உன் அண்ணி,
செசிலியா அலோசியஸ்


நோட்டன் பிரிட்ஜ்
2024 பெப்ரவரி 21

மரியாதைக்குரிய அண்ணிக்கு ராசம்மா எழுதிக்கிறது.

நாங்க எல்லாரும் நல்ல சுகம். உங்க முட்டிக்கு கோடாலித் தைலம் தேச்சுப் பாருங்க. எனக்கு எடது காது சுத்தமா போச்சு. வலது காதுல பாதிதான் கேக்குது. "அத்த, வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் போட்டா முடிஞ்சுச்சு, இதுக்குப் போயி முத்திரை ஒட்டணுமா?"ன்னு மருமக பிரியந்தி சிரிக்கிறா. வாய்ஸ்ல பேசுனா எங்க அண்ணி அதயும் திருத்துவாங்கன்னு சொன்னேன்.

அண்ணி, அஞ்சாப்பு படிச்சவ நான். புஸ்தகத்துக்கெல்லாம் எழுத எனக்கு வராது. அண்ணன் சின்னதுல தேயிலக் கொழுந்து சாக்குக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு தராசுல ஏறுன கதை வேணும்னா எழுதித் தாறேன். "இந்தக் கொழுந்துக்கு காலு மொளச்சிருக்கே"ன்னு தராசுகிட்ட நின்ன கண்டாக்கையா சாக்கோட தூக்கி ஒதறுனாரு. கொழுந்து நிறுக்குற மடுவமே சிரிச்சுச்சு.

அந்த ஸ்டேசன் நாளு மட்டும் வேணாங்க. அக்கா கூப்பிட்ட சத்தம் இந்தச் செவிட்டுக் காதுலயும் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்குது.

குளிர்ல வெளிய போகாதீங்க.

இப்படிக்கு
ராசம்மா


கந்தப்பளை
2024 மார்ச் 2

அன்புள்ள இராசம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாக்குக் கதை வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் கேட்டது அது அல்ல.

உன் கடிதத்தில் ஒரு தவறு இருக்கிறது. எழுத்துப் பிழையைச் சொல்லவில்லை, அது நிறைய இருக்கிறது. அக்கா கூப்பிட்டதாக எழுதியிருக்கிறாய். அவள் கூப்பிடவில்லை. புத்தகம் உன்னிடம் இருக்கிறது, கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார். "அக்கா கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருக்கலாம்" என்று இருக்கிறது. கூப்பிடாததால்தான் பையன் திரும்பவில்லை. எத்தனையோ வகுப்புகளில் இந்த ஒரு வரியை நான் விளக்கியிருக்கிறேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. ஸ்டேசனில் எத்தனையோ பேர் கூப்பிட்டிருப்பார்கள். அவருக்குப் பத்து வயது, நினைவில் தெளிவானவர். நாற்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் என்னிடம் மறைத்தது ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் எனக்குச் சொல்லியிருப்பார்.

நன்றாக யோசித்து எழுது. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணி,
செசிலியா


நோட்டன் பிரிட்ஜ்
2024 மார்ச் 12

அண்ணிக்கு,

சுகம். உங்க சுகத்துக்கு வேண்டிக்கிறேன்.

நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கதை கதையாவே இருக்கட்டுங்க.

பிரியந்தி மாசி சம்பல் செஞ்சா. பஸ்ல வர்ற ஆளுகிட்ட ஒரு போத்தல் குடுத்து அனுப்பிருக்கேன்.

ராசம்மா


கந்தப்பளை
2024 ஏப்ரல் 10

அன்புள்ள இராசம்மாவுக்கு,

பாஸ்குத் திருநாள் நல்லபடியாக முடிந்ததா? சம்பல் கிடைத்தது. உப்புச் சற்றுத் தூக்கல் என்று பிரியந்தியிடம் சொல். ஆனாலும் முடித்துவிட்டேன்.

தனுஜா இங்கே வந்திருந்தாள். "டீச்சர், சாரோட கொப்பி இருந்தா ஒருக்கா ஒத்துப் பாத்துருவோமா? அப்புறம் யாரும் கதை கட்ட முடியாதுல்ல?" என்றாள். நல்ல யோசனை என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவள் புத்தகத்தை வாசிக்க வாசிக்க, நான் கொப்பியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். மற்றப் பதினொரு கதைகளிலும் நான் செய்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் சொல்ல முடிந்தது. அவள் ஆச்சரியப்பட்டாள்.

ஸ்டேசன் கதையின் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நான் கொப்பியை மூடிவிட்டேன். தேநீர் வைக்கிறேன் என்று எழுந்து போனேன்.

அவர் அந்த வரியை இப்படி எழுதியிருக்கிறார். வரியின் கடைசியில் "அக்கா கூப்பிட்டா". அடுத்த வரியின் தொடக்கத்தில் "திரும்பிப் பாத்திருக்கலாம்". நடுவில் புள்ளி இல்லை. அவர் எங்கேயும் புள்ளி வைப்பவர் அல்ல. உங்கள் லயத்துப் பேச்சில் ‘கூப்பிட்டால்’ என்பதும் ‘கூப்பிட்டாள்’ என்பதும் ஒரே ‘கூப்பிட்டா’தான். படியெடுக்கும்போது நான் ‘கூப்பிட்டால்’ என்று எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் அவள் கூப்பிடவில்லை. ‘கூப்பிட்டாள்’ என்று எடுத்துப் புள்ளி வைத்தால், அவள் கூப்பிட்டாள், அவன் திரும்பவில்லை.

கதையின் போக்கை வைத்துப் பார்த்தால் என் வாசிப்புத்தான் சரி. அச்சுப் பிரதியை அவரே பார்த்தார். தவறாக இருந்தால் சொல்லியிருப்பார் அல்லவா? ஆனாலும் கேட்கிறேன். அக்கா கூப்பிட்டாளா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் எழுதினால் போதும்.

உன் அண்ணி,
செசிலியா


கந்தப்பளை
2024 மே 22

இராசம்மா,

என் ஏப்ரல் கடிதம் கிடைத்ததா? ஆறு வாரமாகிறது. உங்கள் பக்கம் மழை கடுமை என்று செய்தியில் கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் மண் இறங்காமல் இருக்கிறதா? எல்லாரும் சுகமா?

துஷாந்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மா சொகமாத்தான் இருக்காங்க மாமி. உங்க காகிதத்த தலையணைக்குள்ள வச்சிருக்காங்க" என்றான். இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று நீ சொல்ல முடியாது.

செசிலியா


நோட்டன் பிரிட்ஜ்
2024 ஜூன் 13

அண்ணிக்கு ராசம்மா எழுதிக்கிறது.

சுகமா இருக்கீங்களா? ரெண்டு காகிதமும் கெடச்சுச்சு. பதில் போடாம இருந்தது என் தப்புத்தான். இன்னைக்கு அந்தோனியார் திருநாள். பூசை பாத்துட்டு வந்து குந்திருக்கேன். இந்த நாள்ல பொய் எழுத மனசு வரல.

அக்கா கூப்பிட்டா. மூணு தடவ கூப்பிட்டா.

கதைல அக்காவுக்கு எல்லாம் தெரியும், அண்ணனுக்கு ஒண்ணுந் தெரியாது. நெசத்துல அது தலகீழுங்க அண்ணி. அம்மா செத்து ஒரு வருசம் ஆயிருந்துச்சு. கணக்கப்புள்ள வீட்டம்மா மூலமா, கொழும்புல ஒரு வீட்டுக்கு அக்காவ அனுப்புறதுன்னு அப்பா முடிவு பண்ணிட்டாரு. அக்காவுக்கு பதிமூணு வயசு. விசயம் தெரிஞ்சா போகமாட்டா. அப்பா என்ன சொன்னாலும் நம்பமாட்டா. அண்ணன் சொன்னா மட்டும் எதயும் நம்புவா. அதுனால பீலிக்கரைல தண்ணி புடிக்கிறப்ப அப்பா அண்ணனுக்கு சொல்லிக் குடுத்தாரு. நானும் பக்கத்துல கொடத்தோட நின்னேன். என்ன சொல்லணும், எப்பிடி சிரிச்சுக்கிட்டு சொல்லணும்னு ரெண்டு தடவ சொல்ல வச்சுக் கேட்டாரு.

அண்ணன் வந்து சொன்னாரு. "அக்கா, ஒன்ன கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு கூட்டிட்டுப் போறாங்களாம். கடலும் பாக்கலாமாம். ஞாயித்துக்கெழம வந்துருவ."

"நெசமாவாடா? மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா."

அக்காவுக்கு தல கால் புரியல. எனக்கு அப்பவே காதுல சீழ் வடியும். அந்தோனியார் எண்ணெய் கொண்டாந்து ஊத்துறேன்டின்னு ஒரு காலி மருந்துப் போத்தல சாம்பல் போட்டுக் கழுவி எடுத்துக்கிட்டா. மூட்டைய அப்பாதான் கட்டுனாரு.

வட்டகொடை ஸ்டேசனுக்கு நாங்க ரெண்டு பேரும்தான் கூடப் போனோம். அப்பா பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் குடுக்கப் போயிட்டாரு. கூட்டிட்டுப் போக வந்த கொழும்பு அம்மா பக்கத்துல அக்கா சன்னலோரமா குந்திக்கிட்டு சிரிச்சுக்கிட்டிருந்தா. நாங்க திரும்பி நடக்க ஆரம்பிச்சோம். போத்தல பத்திரமா வைக்கலாம்னு அவ மூட்டைய அவுத்திருக்கா. உள்ள அவளோட துணிமணி அத்தனையும் இருக்கு. கம்பளியும் இருக்கு.

"தம்பி, ஞாயித்துக்கெழம வர்றதுக்கு எதுக்குடா கம்பளி?"

அது மொதத் தடவ. அப்ப சிரிப்பாத்தான் கேட்டா. ரெண்டாவது "தம்பி"ன்னப்ப சிரிப்பு இல்ல. மூணாவது எப்பிடி இருந்துச்சுன்னு எனக்கு எழுதத் தெரியல. நான் திரும்பிப் பாக்கப் போனேன். அண்ணன் என் கைய நெரிச்சு, "திரும்பாத. திரும்புனா எறங்கிருவா"ன்னு சொன்னாரு. ரயிலு போற மட்டும் ரெண்டு பேரும் கல்லப் பாத்துக்கிட்டே நடந்தோம்.

அஞ்சு மாசத்துல காய்ச்சல்ல போயிட்டான்னு சேதி வந்துச்சு. அங்கனயே பொதச்சுட்டாங்களாம். எந்த எடம்னு எங்களுக்குத் தெரியாது. அக்கா சம்பளம்னு வந்த காசுலதான் அடுத்த சனவரில அண்ணன் டவுன் ஸ்கூல்ல சேந்தாரு.

எனக்கும் தெரியும்ல அண்ணி. நானும் வாயத் தொறக்கல.

உங்க உடம்பப் பாத்துக்குங்க.

ராசம்மா


கந்தப்பளை
2024 ஜூன் 24

இராசம்மா,

என் கணவர் மாதாவின் பெயரால் பொய்ச் சத்தியம் செய்தவர் என்று, அவர் இல்லாத காலத்தில் எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொன்னால் அன்றைக்குச் சாப்பிடாமல் வீட்டுக்கு வரும் மனிதர் அவர். அவரை எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். புத்தகத்தில் ‘கூப்பிட்டால்’ என்றே வரும். இதைப் பற்றி இனி எனக்கு எழுதவேண்டாம். தனுஜாவுக்கும் எழுதவேண்டாம்.

செசிலியா அலோசியஸ்


நோட்டன் பிரிட்ஜ்
2024 ஆகஸ்ட் 15

அண்ணிக்கு ராசம்மா எழுதிக்கிறது.

சுகமா இருக்கீங்களா? இன்னைக்கு மாதா திருநாள். எழுத வேணாம்னு சொன்னீங்க. இந்த ஒரு தடவ பொறுத்துக்குங்க.

என் காகிதம் பூராவும் செவப்பு மை. பிரியந்தி எண்ணிப் பாத்தா. நூத்திப் பதினாலு எடமாம். "அத்த, நீங்க பெயிலு"ன்னா. ஆனா ‘அக்கா கூப்பிட்டா’ன்னு எழுதுன எடத்துல நீங்க ஒண்ணும் திருத்தலங்க. பேனாவ வச்சு எடுத்த பொட்டு மட்டும் இருக்கு. அதப் பாத்துட்டுத்தான் எழுதுறேன்.

எம்பத்தொம்பதுல புஸ்தகம் வந்தப்ப அண்ணன் எனக்கு ஒண்ணு கொண்டாந்தாரு. நான் எழுத்துக்கூட்டி வாசிச்சுப் பாத்துட்டு, "என்னண்ணே, அக்கா கூப்பிட்டாள்ல? இதுல கூப்பிடாத மாதிரில்ல இருக்கு?"ன்னு கேட்டேன்.

"நான் சரியாத்தான் எழுதுனேன். ஒங்க அண்ணி வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டா."

"அப்ப சொல்ல வேண்டியதுதான?"

அண்ணன் புஸ்தகத்த வாங்கி மூடுனாரு. அப்புறமா சொன்னாரு. "அவ அத எழுதிட்டு அழுதுக்கிட்டிருந்தா ராசம்மா. அந்தப் பையன நெனச்சு அழுதா. நான் தப்புப் பண்ணலன்னு ஒலகத்துல ஒரு ஆளாச்சும் நெனைக்கட்டுமே."

உங்கள ஏமாத்தணும்னு அவரு செய்யலங்க. இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல.

முட்டிக்கு வெந்நி ஒத்தடம் குடுங்க.

ராசம்மா


கந்தப்பளை
2024 ஒக்டோபர் 12

அன்புள்ள இராசம்மாவுக்கு,

நீ சுகமா? பிரியந்தி, துஷாந்த் சுகமா? இரண்டு மாதமாக நான் பதில் எழுதவில்லை. முழங்கால் வலி என்று எழுதலாம். அது காரணம் அல்ல.

நீ சொன்னது உண்மை, நான் அழுதேன். அவர் அதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்கிறேன். அச்சுப் பிரதியை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தார். நான் எதிரே போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் பென்சிலைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்துவிட்டார். "என்ன, பிழையா?" என்று கேட்டேன். "இல்ல செசி. நல்லா திருத்தியிருக்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று கறியில் உப்புப் போட மறந்தேன்.

இலக்கணமும் படியெடுத்த அன்றைக்கே எனக்குச் சொன்னது. அந்த வாக்கியத்துக்குக் ‘கூப்பிட்டால்’ பொருந்தாது. ‘கூப்பிட்டிருந்தால்’ என்றுதான் வரவேண்டும். ஒரு கணம் நின்று யோசித்தேன். சிறு பையனின் பேச்சு என்று விட்டுவிட்டேன். மற்ற எந்த வரியிலும் நான் அப்படி விட்டவள் அல்ல. பிறகு முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ‘ஒன்றும் அறியாத உள்ளம்’ என்று எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளி போட்டேன். ஒரு பெண், ஜெரோமி என்று பெயர், "அவனுக்குத் தெரிஞ்சிருக்கும் டீச்சர். தெரியாத பிள்ளை திரும்பிப் பாத்துருக்கும்" என்றாள். கதையில் இல்லாததைச் சொல்லாதே என்று உட்காரவைத்தேன்.

அவரோடு எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. கல்லறைக்குப் போனேன், மெழுகுதிரி ஏற்றாமலே திரும்பினேன். பத்து வயதில் அப்பா சொன்னதைச் செய்தவனை மன்னிக்க முடிகிறது. நாற்பத்தொரு வயதில் என் எதிரே பென்சிலோடு இருந்தவரை மன்னிக்க இன்னும் பழகவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஒருவேளை உனக்குச் செய்ததைத்தான் அவருக்கும் செய்திருப்பேன். சிவப்பு மையோடு திருப்பிக் கொடுத்திருப்பேன்.

போன வாரம் தனுஜாவைக் கூப்பிட்டு, ‘கூப்பிட்டாள்’ என்று மாற்றிப் புள்ளி வைக்கச் சொன்னேன்.

"டீச்சர், அந்த ஒரு புள்ளியால கதையே வேற ஆகிரும். அந்தப் பையன யாருக்குப் புடிக்கும்?"

"எனக்கும் பிடிக்கவில்லை. புள்ளியை வை" என்றேன்.

பிழை செய்தவள் நான் என்று முன்னுரையில் என் பெயரோடு எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தில் உள்ளதை அதில் சேர்க்கவில்லை. அது உன்னுடையது. என்னை மன்னிக்கச் சொல்லி யாரிடமும் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இன்னொன்று. நவம்பர் இரண்டாம் திகதி, இறந்த விசுவாசிகள் எல்லாருக்குமான பூசை. மாத முடிவுக்குள் கோயிலில் பெயர்ப் பட்டியல் கொடுக்கவேண்டும். கலியாணமான வருடத்திலிருந்து நம் வீட்டுப் பட்டியலை நான்தான் எழுதுகிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். மாமா மைக்கல், மாமியார், என் பெற்றோர், அலோசியஸ். அதன் கீழ் அக்காவுக்கு ஒரு வரி விட்டேன். எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கதையில் அவள் அக்கா. உன் கடிதங்களில் அக்கா. அவர் பேச்சிலும் அக்கா. எனக்கு அவள் நாத்தனார். நாற்பத்தொன்பது வருடத்தில் அவள் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

துஷாந்தைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லாதே. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், இரண்டையும் உன் கையாலேயே எழுதி, முப்பதாம் திகதிக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி பதில் போடு.

உன் அண்ணி,
செசிலியா